மார்க் போடுபவரே ஆய்வாளர்: புதுப்பித்த பாடங்களை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விரிவுரையைக் குறைத்து வீடியோ, குழுப்பணி, புராஜெக்ட் என்று ஒரு பாடத்தை ஆசிரியர்கள் மாற்றியமைக்கிறார்கள். அது பலன் தந்ததா என்று பார்க்க, அதைப் படிக்கும் மாணவர்களிடமே ஆய்வும் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டுத் தன்னாட்சிக் கல்லூரிகளில் இது இப்போது சாதாரணம். இப்படிப்பட்ட ஆய்வுகள் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் புள்ளியியல் காரணமில்லை. கேள்வி கேட்பவரும் இன்டர்னல் மார்க் போடுபவரும் ஒரே ஆள் என்பதுதான் காரணம். கீழே வரும் தவறுகளில் பாதி இங்கிருந்தே கிளைக்கின்றன.

ஒப்புதலை ஆசிரியரே வாங்குவது

வகுப்பு முடியும் நேரத்தில் படிவத்தை நீட்டி, "விருப்பமிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்" என்றால் 60 பேரும் போடுவார்கள். 25 அல்லது 40 இன்டர்னல் மார்க் கையில் இருப்பவரிடம் யார் மறுப்பார்கள்? மருத்துவ ஆய்வுகளுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் மாணவர்களை, அதிகாரப் படிநிலைக்கு உட்பட்டவர்கள் என்பதால், எளிதில் பாதிக்கப்படக்கூடியோர் பட்டியலில்தான் வைக்கின்றன. வகுப்பறை ஆய்வுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

செய்ய வேண்டியது இதுதான். வேறு துறை ஆசிரியரோ ஆய்வு மாணவரோ வந்து விளக்கட்டும். பாட ஆசிரியர் அறையை விட்டு வெளியேறிவிடட்டும். 'சம்மதம்', 'சம்மதமில்லை' இரண்டும் ஒரே தாளில் இருக்க வேண்டும். எல்லோரும் தாளை மடித்து உறையில் போட்டால், மறுத்தவர் யார் என்று பக்கத்து பெஞ்சுக்குக்கூடத் தெரியாது. ஒட்டிய உறை மூன்றாம் நபரிடமே இருந்து, செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் ஆசிரியர் கைக்கு வர வேண்டும்.

படிவத்தில் இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. வாராந்திர வினாடி வினா, குழுப்பணி எல்லாம் பாடத்தின் பகுதி. அவற்றை எல்லோரும் செய்தே ஆக வேண்டும். அந்த விடைத்தாள்களை ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா என்பது மட்டுமே மாணவரின் விருப்பம். இதைத் தெளிவாக எழுதாவிட்டால், மறுத்தவர் வகுப்பு வேலையிலிருந்தும் விலக்கு என்று நினைப்பார். அல்லது மறுக்கவே முடியாது என்று நினைப்பார்.

முதல் செமஸ்டரில் இன்னொரு சிக்கல்: பலருக்கு 17 வயதுதான். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 நிறையாதவரைக் குழந்தை என்றே வரையறுக்கிறது. பெற்றோர் ஒப்புதலும் வாங்குங்கள். முடியாதென்றால் இரண்டாம் ஆண்டுப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்வேயை நிரப்பினால் 5 மார்க் என்று அறிவிப்பது கட்டாயத்துக்கு மறுபெயர். ஓ.டி., அதாவது வகுப்புக்கு வராமலே வந்ததாக வருகைப் பதிவு, கொடுப்பதும் அப்படித்தான். வருகைப் பதிவு 75 சதவீதத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் மாணவருக்கு அது மறுக்க முடியாத விலை.

பெயர் கேட்கவில்லை, அதனால் ரகசியம் என்று நம்புவது

கூகுள் ஃபார்மில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பை அணைத்தால் மட்டும் போதாது. பாலினம், ஹாஸ்டலா டே ஸ்காலரா, பள்ளியில் தமிழ்வழியா ஆங்கிலவழியா என்று மூன்று கேள்வி போதும். 60 பேர் செக்‌ஷனில் சில சேர்க்கைகளில் ஒரே ஒருவர்தான் மிஞ்சுவார். பகுப்பாய்வுக்குத் தேவையில்லாத பின்னணிக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம். அறிக்கையில் 5 பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகக் காட்டவும் வேண்டாம்.

இதற்கு நேரெதிர்த் தவறு, யாருடையது என்றே தெரியாத இரண்டு தேர்வுகளை வைப்பது. தொடக்கத்தில் 58 பேர், முடிவில் 47 பேர் எழுதினால், சராசரி கூடியதற்குப் பாடம் காரணமா, பின்தங்கிய 11 பேர் வராமல் போனது காரணமா என்று சொல்ல வழியில்லை. மாணவரே உருவாக்கும் ரகசியக் குறியீடு வேண்டும். ரோல் நம்பர், பிறந்த தேதி, பத்தாம் வகுப்புப் பதிவெண் எல்லாம் ஆபீஸ் கோப்பில் இருப்பவை. கைபேசி எண்ணோ சிம் மாறினால் மாறிவிடும். முதல் வகுப்பு படித்த ஊரின் முதல் எழுத்து, அம்மா பெயரின் இரண்டாம் எழுத்து, உடன்பிறந்த மூத்தவர்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஒரு வகுப்புக்குப் பெரும்பாலும் போதும். 'உடன்பிறந்த' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். விட்டால் பெரியப்பா மகனையும் அண்ணன் கணக்கில் சேர்ப்பார்கள். எந்த மொழி எழுத்தில் எழுதுவது என்பதையும் படிவத்திலேயே குறிப்பிடுங்கள். குலதெய்வத்தின் பெயரைக் கேட்கும் யோசனை சிலருக்கு வரும். வேண்டவே வேண்டாம், அது சாதியைக் காட்டிக்கொடுக்கும்.

போன பேட்ச்சோடு ஒப்பிடுவது

"சென்ற ஆண்டு தேர்ச்சி 71, இந்த ஆண்டு 83" என்பது ஸ்லைடில் அழகாகத் தெரியும். ஆனால் கேள்வித்தாள் வேறு, திருத்தியவர் வேறு, சேர்ந்த மாணவர்களின் கட்-ஆஃப் வேறு. பாடத்தின் அடிப்படைக் கருத்துகள் புரிந்தனவா என்று பார்க்கும் ஒரே தேர்வை முதல் வாரமும் கடைசி வாரமும் வைத்து, இரண்டையும் எழுதியவர்களை மட்டும் கணக்கில் எடுங்கள். தொடக்கத்தில் 40 சதவீதம், முடிவில் 64 என்றால் உயர்வு 24. உயர வாய்ப்பிருந்தது 60. 24-ஐ 60-ஆல் வகுத்தால் ஈட்டம் 0.4. ரிச்சர்ட் ஹேக் 1998-இல் 62 இயற்பியல் பாடங்களில் 6,542 மாணவர்களின் தேர்வு முடிவுகளை இந்தக் கணக்கில்தான் ஒப்பிட்டார். வழக்கமான விரிவுரை வகுப்புகளின் சராசரி 0.23, மாணவர் பங்கேற்கும் வகுப்புகளின் சராசரி 0.48. இரண்டு தேர்வுக்கும் நடுவில் அந்தக் கேள்விகளை வகுப்பில் நடத்திவிடக் கூடாது. முதல் தேர்வின் தாள்களைத் திரும்ப வாங்காவிட்டால் அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்.

பிடித்திருந்ததா என்ற கேள்வியைக் கற்றார்களா என்பதற்கு ஈடாக வைப்பதும் தவறு. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், தாங்களே செயல்பட்டுக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். மூளைக்கு வேலை கொடுக்கும் வகுப்பு கஷ்டமாக இருக்கும், அந்தக் கஷ்டத்தை அவர்கள் 'புரியவில்லை' என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனவே ஃபீட்பேக் சரிந்தவுடன் புதிய முறையைத் தூக்கிப் போட வேண்டாம்.

கடைசி வாரத்தில் கேட்பது, முன்பெஞ்சை மட்டும் கேட்பது

செமஸ்டர் முடிவில் எடுக்கும் கருத்து, சொன்னவருக்கு உதவாது. அது தெரிந்துதான் எல்லாவற்றுக்கும் '4' போட்டுவிட்டுப் போகிறார்கள். 15 வார செமஸ்டரில் ஐந்தாவது, ஆறாவது வாரம் சரியான நேரம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு முறை இங்கே நன்றாகப் பொருந்தும்: ஆசிரியர் இல்லாத அறையில் சக ஆசிரியர் ஒருவர் 25 நிமிடம் எடுத்துக்கொள்வார். ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பேசி, எது கற்க உதவுகிறது, எது தடுக்கிறது, என்ன மாற்றலாம் என்று எழுதித் தருவார்கள். அடுத்த வகுப்பிலேயே ஆசிரியர் எதை மாற்றப்போகிறார், எதை மாற்ற முடியாது, ஏன் என்று சொல்ல வேண்டும். இந்தப் பதில் வராவிட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

நேர்காணலுக்கு ஆள் கேட்டால் கிளாஸ் ரெப் தன் நண்பர்களை அழைத்து வருவார். அரியர் வைத்தவர், பஸ்ஸுக்கு ஓடுபவர், டேட்டா தீர்ந்து வீடியோ பார்க்காதவர் யாரும் வர மாட்டார்கள்; பாடம் எங்கே இடறுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முதல் தேர்வு மதிப்பெண்ணை மூன்று அடுக்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் நான்கு பேரை மூன்றாம் நபரே அழைக்கட்டும். ஆங்கிலத்தில் மட்டும் கேட்டால் "குட் சார்" என்பதே பதிலாக வரும், தமிழிலும் கேளுங்கள். "வீடியோவும் குழுப்பணியும் பயன்பட்டனவா?" என்பது இரண்டு கேள்வி, பிரித்துக் கேளுங்கள்.

மாணவர்களை இணை ஆய்வாளர்களாகச் சேர்ப்பது நல்லதே. எக்செல்லில் தரவு ஏற்றுவதை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது. அந்தப் பாடத்தை முடித்த சீனியர்களை எடுங்கள். கேள்விகளைத் தயாரிப்பதிலும் பதில்களை வகைப்படுத்துவதிலும் அவர்களுக்கு இடம் கொடுங்கள். கட்டுரையில் யார் பெயர் எந்த வரிசையில் வரும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதி வையுங்கள். சக மாணவரின் மதிப்பெண்ணோ, பெயரோடு கூடிய நேர்காணல் பதிவோ அவர்கள் லேப்டாப்பில் போகவே கூடாது.