ஜெர்மனி பையருக்குத் திருப்பூரிலிருந்து சாம்பிள் காட்டுவது எப்படி?

வாட்ஸ்அப் வீடியோ காலில் சரளமாகப் பேசும் பனியன் கம்பெனிக்காரர்களும், பையர் (சரக்கை வாங்கும் வெளிநாட்டுக்காரர்) "மீட்டிங் லிங்க் அனுப்புங்கள்" என்றதும் தடுமாறிப் போகிறார்கள். பழைய ஆட்கள் ஸ்கைப்பைத் தேடுவார்கள். அது 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. இங்கே கூகுள் மீட்டை வைத்துச் சொல்கிறேன். ஜிமெயில் இருந்தால் போதும். இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம் கிடைக்கும். ஜூமில் இலவசம் 40 நிமிடம்தான்.

படி 1: நேரம் குறிப்பது

கூகுள் காலண்டரில் புது நிகழ்வு ஒன்றை உருவாக்கி, பையரின் மின்னஞ்சலைச் சேர்த்து, மீட் இணைப்பையும் சேர்த்து அனுப்புங்கள். அவர் ஊர் நேரத்துக்குக் காலண்டரே மாற்றிக் காட்டிவிடும். ஜெர்மனி நம்மைவிடக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும், கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கும். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். அந்த வாரங்களில் மட்டும் நேரத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

படி 2: குரலும் நெட்டும்

படம் கொஞ்சம் மங்கினால் பையர் பொறுத்துக்கொள்வார். குரல் விட்டுவிட்டுக் கேட்டால் பத்தே நிமிடத்தில் சலித்துவிடுவார். லேப்டாப் மைக் தையல் மெஷின் சத்தத்தையும் சேர்த்து வாங்கும் என்பதால், வயர் உள்ள ஹெட்செட் ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் ரவுட்டர். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடும், ரவுட்டர் அணைந்துவிடும். அதையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள்.

படி 3: சாம்பிளுக்குத் தனி கேமரா

லேப்டாப் கேமரா முன்னால் டீ ஷர்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். போனை ஒரு ஸ்டாண்டில் மேசையைப் பார்த்துக் கவிழ்த்து மாட்டி, அதே லிங்க்கில் வேறொரு ஜிமெயில் கணக்கோடு நுழையுங்கள். பின்பக்கக் கேமராவுக்கு மாற்றுங்கள். போனில் மைக்கை அணைத்து, சத்தத்தையும் முழுக்கக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளுக்கும் நடுவே குரல் சுற்றிச்சுற்றி வந்து காதைக் கிழிக்கும். போன் காட்சியை 'பின்' (pin) செய்துகொள்ளும்படி பையரிடம் சொன்னால், அது அவர் திரையில் பெரிதாக நிற்கும்.

காலரை, தையலை, பிரிண்ட்டை ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். அளவு கேட்டால் டேப்பைத் துணிமேல் பதித்து வையுங்கள். எண்ணை அவரே படித்துக்கொள்வார். திரையில் உங்கள் முகம் தெரியும் கட்டத்தில் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரியலாம். பதற வேண்டாம், அவருக்கு நேராகத்தான் தெரியும்.

நிறம்தான் வில்லங்கம். கேமரா தானாகவே நிறத்தைத் திருத்திக்கொள்ளும், அவருடைய திரையும் தன் பங்குக்கு மாற்றும். ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துக் காட்டினால் ஓரளவு சரியாக வரும். ஆனாலும் வீடியோவில் அவர் "ஓகே" சொன்னதை நம்பிச் சாயம் போடாதீர்கள். லேப் டிப்பை, அதாவது அந்த நிறத்தில் சாயம் போட்ட சிறு துணி மாதிரியை, கூரியரில் அனுப்பி ஒப்புதல் வாங்குவதற்கு மாற்று கிடையாது.

படி 4: திரையைப் பகிர்வது

டெக் பேக்கை (உடையின் அளவு, தையல் விவரங்கள் அடங்கிய ஃபைல்) காட்ட வேண்டுமானால் அந்த ஒரு விண்டோவை மட்டும் பகிருங்கள். முழுத் திரையையும் பகிராதீர்கள். நான் ஒரு தடவை அப்படிப் பகிர்ந்து, இன்னொரு பையருக்குப் போட்டிருந்த விலை எக்செல்லில் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அன்றைக்குப் பீஸுக்கு எவ்வளவு குறைத்தேன் என்று கேட்காதீர்கள்.

படி 5: முடித்த பிறகு

பேசி முடிவானதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். மறக்காமல் போனிலும் வெளியேறுங்கள். லேப்டாப்பை மூடிய பிறகும் ஸ்டாண்டில் இருக்கும் போன் மீட்டிங்கிலேயேதான் இருக்கும். அடுத்த பையரின் சாம்பிளை நீங்கள் அதே மேசையில் விரிக்கும்போது, இவர் லைனில் உட்கார்ந்திருக்கக் கூடும்.