அலுவலகத்தில் முடங்கிய காசுத் தளம்

கும்பகோணத்தில் நான் பணிபுரியும் அலுவலகத்தில், மதிய உணவு இடைவேளையின்போது பழங்காசு சேகரிப்போருக்கான இணையதளம் ஒன்றைப் பார்ப்பது என் வழக்கம். ஒருபுறம் நின்ற உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவத்தின் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயரும் கொண்ட என் செப்புக் காசை அங்குதான் அடையாளம் கண்டுகொண்டேன். (புளி போட்டுத் தேய்க்கக் கூடாது என்று அங்கே படிப்பதற்குள் இரண்டு காசுகளைக் கெடுத்திருந்தேன்.)

அத்தளத்தில் நண்பர் பட்டியலும் அரட்டையும் சேர்க்கப்பட்ட சில வாரங்களில், ‘சமூக வலைத்தளம்: அனுமதி இல்லை’ என்ற சிவப்புப் பட்டையே திரையில் தோன்றியது. எந்தத் தளங்களைத் திறக்கலாம் என்று முடிவுசெய்யும் அலுவலக வடிகட்டி மென்பொருள் பெரும்பாலும் தளத்தின் முகவரி எந்த வகையில் பட்டியலிடப்பட்டுள்ளது என்பதையே பார்க்கிறது. எச்டிடிபிஎஸ் என்னும் மறையாக்கப்பட்ட இணைப்பைப் பிரித்துப் படிக்கும் ஏற்பாடு இல்லாவிட்டால், தளத்தின் பெயர் தெரியுமே தவிர, உள்ளே எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே காசுப் படங்களும் அரட்டையும் ஒரே முகவரியில் இருக்கும்வரை ஒன்றை விட்டு மற்றொன்றைத் தடுக்க வழியில்லை.

வடிகட்டியின் கண்ணில் படாமல் வேறு வழியாக இணையத்தை அடையும் விபிஎன் போட்டுக்கொள்ளலாம் என்றார் சக ஊழியர். அது வேலைக்கே உலை வைக்கும் யோசனை. தளத்தை நடத்துபவருக்கு நிலைமையை விளக்கி எழுதினேன். அவர் அரட்டையையும் நண்பர் பட்டியலையும் தனித் துணைமுகவரிக்கு மாற்றினார். பின்னர் எங்கள் கணினிப் பிரிவு அண்ணனிடம் சொல்லி, முதன்மை முகவரியைப் ‘பொழுதுபோக்கு’ வகைக்கு மாற்றுமாறு வடிகட்டி நிறுவனத்திற்கு விண்ணப்பிக்கச் செய்தேன். நான்காம் நாள் காசுகள் திறந்தன. அரட்டை இன்னும் சிவப்பாகவே இருக்கிறது, அது எனக்குத் தேவையும் இல்லை.