ஊட்டி மேகமூட்டத்தில் வெள்ளி நானோ கம்பி மின்முனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரிமச் சூரிய மின்கலம் செய்பவர்கள் பலர், ஒளி புகும் மின்முனையின் பரப்பு மின்தடை 10 ஓம்/சதுரத்துக்கு இறங்கியே ஆகவேண்டும் என்று வெள்ளி நானோ கம்பிக் கரைசலை நாலைந்து சுற்று பூசிவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. 40 நானோமீட்டர் விட்டமுள்ள இரண்டு கம்பிகள் குறுக்கே விழுந்த இடத்தில் உயரம் 80. மூன்று சேர்ந்தால் 120. மேலே பூசப்போகும் ஒளி உறிஞ்சும் படலமோ சுமார் 100 நானோமீட்டர்தான். கம்பி அதைத் துளைத்து மேல் மின்முனையைத் தொட்டால் கலம் ஷார்ட் ஆகிவிடும், வோல்டேஜ் எழாது. மின்தடை 15 முதல் 20 ஓம்/சதுரத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு துத்தநாக ஆக்சைடு நானோ துகள் படலத்தால் கம்பிகளை நன்றாக மூடுங்கள். அதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு: கம்பிகளைக் கண்ணாடியில் பூசி, மேலே புற ஊதா ஒளியில் இறுகும் பிசினை ஊற்றி, இறுகியதும் உரித்தெடுப்பது. உரித்த அடிமுகம் கண்ணாடி அளவுக்கே வழவழப்பாக இருக்கும்.

கரைசலில் கட்டி தெரிந்தால் சோனிகேட்டரில் (மீயொலியால் குலுக்கும் கருவி) அரைமணி நேரம் வைக்காதீர்கள். 20, 30 மைக்ரோமீட்டர் கம்பிகள் துண்டாகிவிடும். துண்டுகள் வலையாகப் பின்னாது. பாட்டிலை மெல்ல உருட்டினால் போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறங்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஊட்டியில் ஜன்னலைத் திறந்தால் மேகமே உள்ளே வரும். ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஆவியாகும்போது கண்ணாடி சில்லிட்டுப்போகும், அதன்மேல் ஈரம் படியும், கம்பிகள் துளிகளின் ஓரத்துக்கு ஒதுங்கி வளையங்களாகக் காயும். கண்ணாடியை 50 டிகிரிக்குச் சூடேற்றிக்கொண்டு, உலர் நைட்ரஜன் ஓட்டத்தில் பூசுங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது. காற்றழுத்தக் குறைவு உலர்வதை விரைவுபடுத்தும், குளிர் தாமதப்படுத்தும். கண்ணாடியைச் சுழற்றிப் பூசுவதானால், சென்னை ஆய்வகத்தின் சுழற்சி வேகத்தை அப்படியே எடுக்காமல், சில சோதனைக் கண்ணாடிகளில் நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 சுற்று வரை மாற்றிப் பார்த்து உங்களுடையதை முடிவு செய்யுங்கள்.

கம்பிகளைச் சுற்றியுள்ள பி.வி.பி. (பாலிவினைல் பைரோலிடோன்) என்ற பாலிமர் உறை மின்சாரத்தைத் தடுக்கும். 130 முதல் 150 டிகிரியில் 10, 15 நிமிடம் சுட்டால் சந்திப்புகள் ஒட்டிக்கொள்ளும். 200 டிகிரியைத் தாண்டினால் ஒல்லியான கம்பிகள் மணிமணியாக அறுந்து உருளும். ஹாட் பிளேட்டின் திரை காட்டுவதை நம்பாமல் கண்ணாடியின் மேல்பரப்பையே அளந்து பாருங்கள். புற ஊதா ஓசோன் சுத்திகரிப்பு கம்பி பூசுவதற்கு முன்தான். பூசிய பின் செய்தால் வெள்ளி ஆக்சைடாகிவிடும். அமிலத்தன்மை அதிகமுள்ள பெடாட் (மின்சாரம் கடத்தும் பாலிமர்) கரைசலும் வெள்ளியை அரிக்கும், நடுநிலையானதை வாங்குங்கள்.

வெள்ளிக் கொலுசு கறுத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். 40 நானோமீட்டர் கம்பியில் தேய்க்க என்ன இருக்கிறது? கந்தகம் கசியும் ரப்பர் பேண்டையும் ரப்பர் கையுறையையும் மாதிரிகளின் அருகே விடாதீர்கள். மாதிரிகளை, ஈரம் உறிஞ்சும் நீலச் சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (காற்றுப் புகாத உலர் கலன்) வையுங்கள். மழைக்காலத்தில் ஜெல் சீக்கிரமே இளஞ்சிவப்பாகும். 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்துங்கள்.