பரவளையத்தின் குவியம்: சமன்பாட்டிலிருந்து கண்டுபிடிப்பது எப்படி?

வலம், இடம், மேல், கீழ் என்று நான்கு வகைப் பரவளையத்துக்கும் தனித்தனிச் சூத்திரத்தை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை. முனை எங்கே இருக்கிறது, வளைவு எந்தப் பக்கம் திறக்கிறது, முனையிலிருந்து குவியம் எவ்வளவு தூரம், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். அந்தத் தூரத்துக்குத்தான் a என்று பெயர். தூரம் என்பதால் அது எப்போதும் மிகை எண்தான்.

சரி, ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்:

x² − 4x + 8y − 20 = 0

முதலில் எதற்கு வர்க்கம் இருக்கிறது என்று பாருங்கள். இங்கே x-க்கு. அப்படியென்றால் பரவளையம் மேலேயோ கீழேயோதான் திறக்கும் (y-க்கு வர்க்கம் இருந்திருந்தால் வலமோ இடமோ). இப்போது x உள்ளவற்றை இடப்பக்கம் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுங்கள்:

x² − 4x = −8y + 20

அடுத்தது வர்க்கப் பூர்த்தி, அதாவது இடப்பக்கத்தை ஒரு முழு வர்க்கமாக்குவது. x-இன் கெழு −4, அதில் பாதி −2, அதன் வர்க்கம் 4. இந்த 4-ஐ இரண்டு பக்கமும் கூட்ட வேண்டும். அவசரத்தில் இடப்பக்கம் மட்டும் கூட்டிவிட்டுப் போனால் முனையே இடம் மாறிவிடும்.

(x − 2)² = −8y + 24
(x − 2)² = −8(y − 3)

வலப்பக்கம் −8-ஐ வெளியே எடுத்ததைக் கவனியுங்கள், y தனியாக, கெழு இல்லாமல் நிற்க வேண்டும். இனி எல்லாம் கண்ணுக்கே தெரியும்: முனை (2, 3). குறி கழித்தல், ஆகவே கீழ்நோக்கித் திறக்கிறது. வெளியே எடுத்த எண், குறியை விட்டுவிட்டால், எப்போதும் 4a-தான்; இங்கே 4a = 8, எனவே a = 2. முனையிலிருந்து 2 அலகு கீழே இறங்கினால் (2, 1), அதுதான் குவியம்.

சந்தேகமாக இருந்தால் சரிபார்த்துவிடலாம். இயக்குவரை (குவியத்தோடு சேர்ந்து பரவளையத்தை வரையறுக்கும் நேர்கோடு) முனைக்கு மறுபக்கம் அதே 2 அலகில், அதாவது y = 5. வளைவின் மேல் (6, 1) என்ற புள்ளியை எடுங்கள்: குவியத்துக்குத் தூரம் 4, இயக்குவரைக்கும் 4. பரவளையத்தின் வரையறையே இந்தச் சமதூரம்தான்.

அப்புறம், பலரும் வழுக்கும் இடம் y = 2x². எளிதாகத் தெரிகிறதே என்று 4a = 2 எனப் போட்டுவிடாதீர்கள். வர்க்கத்தின் கெழு 1 ஆகும்படி முதலில் x² = y/2 என்று மாற்றுங்கள். 4a = 1/2, a = 1/8, குவியம் (0, 1/8). அந்த 2-க்குப் பதில் 10 வந்தால் a = 1/40; கெழு ஏற ஏற வளைவு ஒடுங்கும், குவியமும் முனையை ஒட்டி வந்துவிடும்.