வன்னியில் கார் ஸ்டார்ட் ஆகாவிட்டால்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிறபோது சாரதி இல்லாமல் காரை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சிலருக்கு மாமா வீட்டு முற்றத்தில் தறப்பாள் மூடிக் கிடக்கும் பழைய கார் வாய்க்கும். இலங்கையின் வடக்கே வன்னிக்குள் ஓடுவதென்றால் கியர் காரையே, அதாவது கிளச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் காரையே எடுங்கள் என்பேன். வவுனியா தாண்டி ஏ9 வீதியில் புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி என்று ஊர்கள் வந்தாலும் இடையில் காடுதான். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் உள்ளே போனால் கராஜ் இன்னும் தூரம். பற்றரி இறங்கிய ஓட்டோமேட்டிக்கைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. கியர் காரை முடியும். தள்ள நாலு பேர் சேர்வது வன்னியில் பெரிய காரியமில்லை.

முதலில் உங்கள் காலைப் பாருங்கள். பல கார்களில் கிளச்சை அடிவரை மிதித்தால்தான் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். கனடாவில் ஓட்டோமேட்டிக் ஓட்டிப் பழகிய கால் பாதியில் நின்றுவிடும்; சிலவேளை கால்விரிப்பு சுருண்டு கிளச்சுக்கடியில் போயிருக்கும். திறப்பு திரும்பவே இல்லையென்றால் ஸ்டியரிங் பூட்டிக்கொண்டது. ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் மெல்ல ஆட்டிக்கொண்டே திருப்பினால் விட்டுவிடும்.

அப்புறம் காதைக் கொடுத்துக் கேளுங்கள். டிக் டிக் டிக் என்று வேகமாக அடித்து, டாஷ்போர்டு வெளிச்சமும் மங்கினால் பற்றரி இறங்கிவிட்டது. வெளிச்சம் நன்றாக இருக்க, 'டக்' என்று ஒரேயொரு சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டரில் சந்தேகப்படலாம். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லையா? பற்றரி முழுதாகச் செத்திருக்கும், அல்லது அதன் முனை கழன்றிருக்கும்.

எதுவானாலும் பொனட்டைத் திறந்து அந்த முனைகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். கையால் திருகினால் அசைகிறதா? பல தடவை பிரச்சினை அவ்வளவுதான். கழற்றுவதென்றால் மைனஸை முதலில் கழற்றி, பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் ஸ்பனர் போதும். பூத்ததைச் சுடுதண்ணீர் கழுவிவிடும்; வெறுங்கையால் தொட வேண்டாம், அதில் அமிலம் இருக்கலாம்.

பற்றரிதான் என்றால் இன்னொரு வண்டியின் பற்றரியிலிருந்து ஜம்பர் வயர் போடலாம். ஆனால் எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனம். உங்கள் கார் 12 வோல்ட். லொறி, பஸ் பலவற்றில் 24 வோல்ட். அதிலிருந்து கொடுத்தால் காரின் கம்பியூட்டரே எரிந்துபோகலாம். நல்ல மனதோடு லொறியை நிறுத்துகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். இன்னொரு கார் அல்லது வான்தான் நல்லது. சிவப்பு வயர் பிளஸிலிருந்து பிளஸுக்கு. கறுப்பு வயரின் ஒரு முனை நல்ல பற்றரியின் மைனஸில், மறுமுனை உங்கள் எஞ்சினின் வெறும் இரும்பில், பற்றரிக்குத் தள்ளி.

வயர் இல்லையென்றால், "அண்ணை, ஒருக்காத் தள்ளி விடுவியளோ?" என்று கேட்டால் போதும். திறப்பை ஓன் வரை திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை மிதித்தபடி இருங்கள். கார் ஆள் ஓடும் வேகத்துக்கு வந்ததும் கிளச்சைச் சட்டென விடுங்கள். எஞ்சின் பிடித்தவுடன் மறுபடி மிதித்து, கொஞ்சம் அக்சிலரேட்டர் கொடுங்கள். எஞ்சின் ஓடாதபோது பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகித்தான் இருக்கும், பலமாக மிதிக்க வேண்டும். வன்னி தட்டை நிலம், சரிவு தேடினால் குளக்கட்டில்தான் கிடைக்கும். கார் எந்தப் பக்கம் உருளும் என்று பார்த்துவிட்டு அந்த யோசனைக்குப் போங்கள். உழவு இயந்திரத்தில் கயிறு கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ண யாராவது சொல்வார்கள். வேண்டாம். எஞ்சின் பிடிக்கும் கணத்தில் கார் பாய்ந்து முன்னால் போகிறதில் மோதும்.

ஸ்டார்ட் ஆனபின் அரை மணி நேரமாவது ஓட வேண்டும். முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போக மனம் வராது, சரி. ஒருவர் எஞ்சினை ஓடவிட்டுக் காரில் இருக்கட்டும், மற்றவர்கள் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கி வரட்டும். பற்றரிப் படமுள்ள சிவப்பு விளக்கு அணையவில்லையென்றால் பற்றரிக்கு மின் ஏறவில்லை. ஏசியை நிறுத்திவிட்டு நேரே கராஜுக்குப் போங்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லையா? அது வேறு கதை. பெற்றோல் இருக்கிறதா பாருங்கள். பழைய காரின் முள்ளை நம்ப வேண்டாம். திறப்பை ஓனில் வைத்தால் பின்சீற்றுப் பக்கம் இரண்டு செக்கன் மெல்லிய இரைச்சல் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் பெற்றோல் பம்ப்பின் பியூஸைப் பாருங்கள். பெற்றோல் மணம் தூக்கலாக அடித்தால் பத்து நிமிடம் விட்டு, அக்சிலரேட்டரை முழுதாக மிதித்துக்கொண்டு திருப்புங்கள். ஒரு தடவைக்குப் பத்து செக்கனுக்கு மேல் சுற்ற வேண்டாம். மாமாவின் தறப்பாள் காரென்றால் எலி வயரைக் கடித்திருக்கவும் கூடும். மாரியில், கார்த்திகை மார்கழியில், வெள்ளத்துக்குள்ளால் ஓடி நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் உள்ளே இருக்கும் தண்டுகள் வளைந்துவிடும்.

தள்ளும்போதும் காத்திருக்கும்போதும் வீதியை விட்டுக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் சில இடங்களில் இன்னும் நிற்கின்றன, மிதிவெடி முழுதாக அகற்றப்படவில்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் பொழுதுபட்டால் யானையும் வரும், காருக்குள்ளேயே இருங்கள். அவசரமென்றால் பொலிஸுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990.

வாடகைக் காரென்றால் எதையும் கழற்றுமுன் சொந்தக்காரருக்கு அழையுங்கள். கராஜ்காரருக்கு அழைக்கும்போது "கார் ஓடுதில்லை" என்று மட்டும் சொன்னால் அவர் வெறுங்கையோடு வருவார். "ஸ்டார்ட்டர் சுத்துது, எஞ்சின் பிடிக்கேல்லை" அல்லது "ஸ்டார்ட்டரே சுத்தேல்லை", இரண்டில் எது என்று சொல்லுங்கள். எதைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.