கை தூக்காத பிள்ளைகளையும் பாடத்துக்குள் கொண்டுவர

"யாருக்குத் தெரியும்?" என்று கேட்டால் எப்போதும் அதே நாலைந்து கைகள்தான் எழும். மற்றவர்கள் கேள்வி தமக்கில்லை என்று விட்டுவிடுவார்கள். அதனால் முதலில் கேட்கும் முறையை மாற்றுங்கள்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று, எது பெரியது? கேட்டதும் மனசுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோவ் 1970களில் கண்டார். மூன்று விநாடி பொறுத்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். பிறகு எல்லோரும் ரஃப் நோட்டில் ஒரு நிமிடம் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசட்டும். அப்புறம் வரிசை எண் சீட்டு எடுத்துக் கூப்பிடுங்கள்.

மூன்றைவிட நான்கு பெரிது என்பதால் நான்கில் ஒன்றுதான் பெரியது என்று பலர் சொல்வார்கள். "தப்பு, உட்கார்" என்றால் அந்தப் பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது. எப்படி யோசித்தாய் என்று கேளுங்கள். 12 செ.மீ. நீளத்தில் இரண்டு காகிதத் துண்டுகள் கொடுத்து, ஒன்றை 4 செ.மீ.க்கு ஒரு கோடாகவும் மற்றதை 3 செ.மீ.க்கு ஒரு கோடாகவும் பிரிக்கச் சொல்லுங்கள். மடித்தால் மூன்று சமபாகம் சரியாக வராது. அளந்து பிரிப்பதே நல்லது. துண்டைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அடுத்த கணக்கில் துணிச்சல் வரும்.

நோட்டுத் திருத்தும்போது மதிப்பெண் போடாமல் ஒரு வரி எழுதுங்கள்: "தொகுதி சரி. பகுதியை ஏன் கூட்டினாய்?" இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்களிடம் ஆர்வம் உயர்ந்திருந்தது, குறிப்போடு மதிப்பெண்ணும் சேர்ந்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 45 பேர் என்றால் நாளுக்கு 9 நோட்டு, ஐந்து நாளில் முடியும். மறுநாள் திருத்தி எழுத ஐந்து நிமிடம் ஒதுக்காவிட்டால் குறிப்பு வீண்.

பிடித்துச் செய்யும் வேலைக்குச் சாக்லேட் தருவதாகச் சொல்லாதீர்கள். பரிசு நின்றதும் ஆர்வமும் குறையக்கூடும்.

சீட்டில் எண் வந்த பிள்ளை "தெரியாது" என்றால், இன்னும் இருவரிடம் கேட்டுவிட்டு அதனிடமே திரும்புங்கள்: "இவர்கள் சொன்னதில் எது சரி?" அப்போதும் மௌனம் என்றால் பாடம் முடிந்ததும் தனியே ஒரு கணக்கை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். பல பிள்ளைகளுக்குத் தடை கணக்கில் இல்லை, வாசிப்பில் இருக்கிறது. அவர்களுக்குக் கேள்வியை இரண்டு முறை சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகே எழுதச் சொல்லுங்கள்.