டிஃபால்ட்டில் தள்ளுபடியான சிவில் வழக்கை மறுபடி கோப்பில் எடுக்க

வாய்தாவுக்கு ஆஜராகாமல் வழக்கு தள்ளுபடியாகிவிட்டால், முதலில் எந்த விதியில் தள்ளுபடியானது என்று பாருங்கள். இ-கோர்ட்ஸ் செயலியில் சி.என்.ஆர். எண்ணை (ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்டு, அன்றைய பதிவில் யார் வந்தார், யார் வரவில்லை என்பதை வரிவிடாமல் படியுங்கள்.

இரு தரப்பும் வரவில்லை என்றால் அது சிவில் நடைமுறைச் சட்டம் கட்டளை 9 விதி 3. காலவரையறை (வழக்கு போடச் சட்டம் தரும் கெடு) மிச்சமிருந்தால் புது வழக்கே போடலாம். அல்லது தள்ளுபடியை ரத்து செய்யக் கோரி விதி 4-இல் மனு. பிரதிவாதி மட்டும் வந்திருந்தால் விதி 8. இதில்தான் ஆபத்து: அதே வழக்குமூலத்தில் (வழக்குக்குக் காரணமான சம்பவங்கள்) புது வழக்கு போட முடியாது, தள்ளுபடியை எதிர்த்து அப்பீலும் கிடையாது. விதி 9 மனு ஒன்றுதான் வழி.

இந்த மனு போடக் கெடு 30 நாள். தள்ளுபடியான நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஜூன் 3-இல் தள்ளுபடி என்றால் ஜூலை 3 கடைசி நாள். அன்று கோர்ட் விடுமுறை என்றால் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். உத்தரவின் நகல் கைக்கு வரட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிடுபவர்கள் உண்டு. நகல் வாங்க ஆன நாட்கள் அப்பீலில்தான் கழியும், இந்த மனுவில் கழியாது. ஜூலை 20-இல் தாக்கல் செய்தால் 17 நாள் தாமதம். காலவரையறைச் சட்டம் பிரிவு 5-இல் தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவும் சேர்க்க வேண்டும்.

மனு நிற்பதும் விழுவதும் அபிடவிட்டில் (மனுவோடு தரும் உறுதிமொழி வாக்குமூலம்) தான். 'உடல்நலமில்லாததால் வர இயலவில்லை' என்ற ஒற்றை வரி போதாது. எந்தத் தேதியில் காய்ச்சல், எந்த மருத்துவமனை, எத்தனை நாள் சிகிச்சை, தள்ளுபடி எப்போது தெரிந்தது என்று எழுதி, டிஸ்சார்ஜ் சம்மரியை இணையுங்கள். அந்த வாய்தாவுக்கு ஏன் வரவில்லை என்பதே கேள்வி. வழக்கில் உங்கள் பக்கம் எவ்வளவு நியாயம் என்று பக்கம் பக்கமாக எழுதுவதால் அதற்குப் பதில் கிடைக்காது. தாமத மனுவின் அபிடவிட்டில் கெடு முடிந்த பிறகான நாட்களுக்கும் காரணம் வேண்டும்.

விதி 9 மனுவில் எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகாமல் உத்தரவு கிடையாது. பேட்டாவை (நோட்டீஸ் அனுப்பும் கட்டணம்) உடனே கட்டுங்கள். இந்த விதி 9 மனு தள்ளுபடியானால் கட்டளை 43-இல் அப்பீல் உண்டு; மாவட்ட நீதிமன்றத்துக்கு 30 நாள், உயர்நீதிமன்றத்துக்கு 90 நாள்.

பல நேரம் செலவுத்தொகை கட்டும் நிபந்தனையோடுதான் மனு அனுமதிக்கப்படும். அந்தத் தேதி தவறினால் கிடைத்ததும் போய்விடும். பணம் புரளாவிட்டால் தேதி முடியும் முன்பே சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 148-இல் அவகாசம் கேளுங்கள். அதில் நீட்டிப்பு மொத்தம் 30 நாள் வரைதான். கட்டியதும் ரசீதை மெமோவோடு (சிறு குறிப்பு மனு) கோர்ட்டில் தாக்கல் செய்துவிடுங்கள்.